பாரி-ஜிபி: கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று, ஒரு பழைய லேப்டாப்

பாரி-ஜிபி என்ற கணித மென்பொருளைத் திறந்தால் ஒரு கருப்புத் திரையும் அதில் ஒரு கேள்விக்குறியும்தான் வரும். பட்டன் கிடையாது, மெனு கிடையாது. கேள்விக்குறிக்குப் பக்கத்தில் ஏதாவது தட்டி எண்டர் அழுத்தினால் அடுத்த வரியில் விடை வந்து நிற்கும். மூன்று வருடமாக இதை வாரத்துக்கு நாலு ராத்திரியாவது திறக்கிறேன். இதுவரை ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. அந்தக் கடனுக்காகவாவது ஒரு நல்ல மதிப்புரை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சங்கரன்கோவில் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைக் கணித ஆசிரியை. லேப்டாப் பழசு, 4 ஜிபி ராம். நான் இதை எதற்குப் பயன்படுத்துகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் நல்லதா கெட்டதா என்பது நாம் அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்ததுதானே.

என் பைத்தியம் ஒரே ஒரு வகைப் பல்லுறுப்புக்கோவை. கெழுக்கள் எல்லாம் 1 அல்லது −1. வேறு எண்ணுக்கு இடமில்லை. இவற்றுக்கு லிட்டில்வுட் பல்லுறுப்புக்கோவைகள் என்று பெயர். 1913-இல் நம் ராமானுஜனின் கடிதத்தை ஹார்டியோடு உட்கார்ந்து படித்துப் பார்த்தாரே, அதே லிட்டில்வுட். கேட்டால் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். பத்தாம் வகுப்பில் படிக்கிற சூத்திரத்தை வைத்து இரண்டாம் படியில் இருப்பவற்றைக் கையாலேயே தீர்த்துவிடலாம். முதல் கெழுவை 1 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் நாலே நாலு. அவற்றைப் பூச்சியமாக்கும் மதிப்புகள், அதாவது மூலங்கள், மொத்தம் எட்டு. ஒவ்வொன்றையும் கலப்பெண் தளத்தில் ஒரு புள்ளியாக வைத்தால், நாலு ஓரலகு வட்டத்தின் (பூச்சியத்தை மையமாகக் கொண்ட, ஆரம் 1 உள்ள வட்டத்தின்) மேல், 60, 120, 240, 300 டிகிரியில் உட்காரும். மீதி நாலும் மெய்யெண்கள்: 1.618, 0.618, அவற்றின் எதிர்மறைகள். பொன் விகிதம் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படியில் கை வலிக்க ஆரம்பிக்கும். பத்தாம் படியில் 1024 பல்லுறுப்புக்கோவை, 10,240 மூலம். அங்கேதான் பாரி வேண்டும்.

பெயரைப் பார்த்ததும் எனக்குப் பறம்பு மலைப் பாரிதான் நினைவுக்கு வந்தான். உண்மையில் இது பிரான்சில் போர்தோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆன்ரி கோஹெனும் அவரோடு இருந்தவர்களும் 1980-களின் நடுவில் தொடங்கியது. முதலில் பாஸ்கல் என்ற கணினி மொழியில் எழுத ஆரம்பித்ததால் பாஸ்கல் அரித்மெடிக் என்பதைச் சுருக்கி பாரி என்று வைத்தார்கள். பிறகு சி மொழிக்கு மாறிவிட்டார்கள், பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்று கரீம் பெலாபாஸ் தலைமையில் ஒரு குழு பராமரிக்கிறது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மூலநிரலைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். எந்த ஊர் என்று தெரியாத முல்லைக்கொடிக்கும் தேர் கொடுக்கிற குணம் இதற்கும் இருக்கிறது. பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இதன் முதல் சிறப்பு, முழு எண்ணை முழு எண்ணாகவே வைத்திருப்பது. நான் இதற்கு முன் வாங்கிப் பார்த்த ஒரு கட்டண மென்பொருளில் எதைக் கொடுத்தாலும் தசமமாக மாற்றிவிடும். பாரியில் 1, −1 என்று ஒரு பட்டியல் கொடுத்து ‘போல்’ என்ற கட்டளை போட்டால் பல்லுறுப்புக்கோவை ஆகிவிடும். அதைக் காரணிப்படுத்தச் சொன்னால் முழு எண் கெழுக்களோடு காரணிகளைத் தரும். தோராயம் என்ற பேச்சே இல்லை. மூலம் வேண்டும் என்று ‘போல்ரூட்ஸ்’ கேட்டால்தான் தசமம். அதுவும் சாதாரணமாகவே 38 இலக்கம் வரை. நூறு இலக்கம் வேண்டுமா, ஒரு சின்னக் கட்டளை, நூறு வந்துவிடும். உள்ளே ஓடுவது ஷோன்ஹாகே உருவாக்கி கூர்டோன் செப்பனிட்ட வழிமுறை. எல்லா மூலங்களையும் ஒரே மூச்சில் தரும். ஆரம்ப மதிப்பை நாம் ஊகித்துக் கொடுக்க வேண்டிய தொல்லை இல்லை.

பத்தாம் படிக்கான 1024 பட்டியலையும் எப்படி உண்டாக்குவது? இதில் ஒரு ராத்திரி முழுக்கப் போனது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். 1024 முதல் 2047 வரையுள்ள எண்களை இருமத்தில் எழுதினால் ஒவ்வொன்றும் 11 இலக்கம், முதல் இலக்கம் எப்போதும் 1. பூச்சியம் இருக்கும் இடத்தில் எல்லாம் −1 போட்டால் நமக்கு வேண்டிய பட்டியல் ரெடி. ‘பைனரி’ என்ற கட்டளை இருமப் பட்டியலைக் கொடுத்துவிடும். அதை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் போதும் என்று நான் அப்படியே தட்டினேன். பாரி மறுத்துவிட்டது. வெக்டரிலிருந்து ஒற்றை எண்ணைக் கழிக்க அதில் அனுமதி இல்லை. யோசித்துப் பார்த்தால் அது சொல்வதுதான் சரி, வகுப்பில் நானும் அப்படித்தானே சொல்லிக்கொடுக்கிறேன். பட்டியலின் ஒவ்வொரு உறுப்பிலும் தனித்தனியாகச் செய் என்று சொல்ல ‘அப்ளை’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது தெரிந்த பிறகு எல்லாமே ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

சில விநாடியில் 10,240 புள்ளிகளும் வந்தன. ‘ப்ளாட்-ஹெச்-ரா’ என்ற கட்டளையில் படமாகப் போட்டேன். ஒரு தடித்த வளையம். வெளிவிளிம்பு இரண்டைத் தொடவில்லை, உள்விளிம்பு அரையைத் தொடவில்லை. ஏன் தொடாது என்பதை வாய்க்கணக்காகவே சொல்லலாம். இரண்டை மூலமாக வைத்துப் பாருங்கள். முதல் உறுப்பு 1024. மீதி எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் திரட்டினாலும் 1, 2, 4 என்று 512 வரை கூட்டினால் 1023. எப்போதும் ஒன்று குறையும், அதனால் பூச்சியம் ஆகவே முடியாது. இரண்டைத் தாண்டினால் இடைவெளி இன்னும் அதிகம். பட்டியலைத் திருப்பிப் போட்டால் ஒவ்வொரு மூலமும் தன் தலைகீழியாக மாறும், ஆகவே அரைக்கு உள்ளேயும் எதுவும் வராது. கெழுக்கள் 0, 1 என்று மட்டும் இருந்தால் வளையம் இன்னும் குறுகும். அங்கே எல்லை பொன் விகிதமும் அதன் தலைகீழியும். 1993-இல் ஓட்லிஸ்கோவும் பூனனும் காட்டியது இது.

படி ஏற ஏற அந்த வளையத்தின் உள் ஓரத்தில் இறகு இறகாக, சுருள் சுருளாக உருவங்கள் முளைக்கும். சாம் டெர்பிஷயர் என்பவர் 24-ஆம் படிக்கு, சுமார் 40 கோடி மூலங்களை வைத்து, ஒரு படம் போட்டார். கணக்கிட மட்டும் நாலு நாள் ஆனதாம், அது மாத்தமேட்டிக்கா என்ற மென்பொருளில். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் இதற்குள் வந்தேன். அந்த உருவங்கள் எங்கிருந்து வருகின்றன என்று புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது. பல்லுறுப்புக்கோவையை விட்டுவிட்டு முடிவில்லாத அடுக்குத் தொடருக்குப் போக வேண்டும். வட்டத்துக்கு உள்ளே ஒரு கலப்பெண்ணை எடுத்துக்கொண்டு, அதன் அடுக்குகளைக் கூட்டல் கழித்தல் குறிகளை எப்படி எப்படியோ மாற்றி மாற்றிக் கூட்டினால் கிடைக்கிற எல்லா மதிப்புகளையும் புள்ளியாக வைத்தால் ஓர் உருவம் வரும். அந்த எண் மெய்ப்பகுதி அரை, கற்பனைப் பகுதி அரை என்று இருந்தால் வருவது இரட்டை டிராகன் என்று பெயர் பெற்ற உருவம். வளையத்தின் ஓரத்தில் நாம் பார்க்கிற சுருள்கள் இந்த மாதிரி உருவங்களின் சாயல்தான். தியரி பூஷ் என்ற பிரெஞ்சுக்காரர் 1988-இலும் 1993-இலும் இதைத் தீவிரமாக ஆராய்ந்திருக்கிறார். படி வரம்பில்லாமல் போனால் 2-இன் நாலாம்படி மூலத்துக்கும் அதன் தலைகீழிக்கும் இடையில், அதாவது ஏறக்குறைய 0.84-க்கும் 1.19-க்கும் நடுவில், இந்த மூலங்கள் துளிகூட இடைவெளி இல்லாமல் நெருங்கி நிரப்பிவிடும் என்று நிறுவினார்.

நான் போன தூரம் 16-ஆம் படி. முதல் கெழுவை 1 என்று வைத்தால் 65,536 பல்லுறுப்புக்கோவை, 10,48,576 மூலம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாரி தன் வேலைக்கு ஒரு குறிப்பிட்ட அளவு நினைவகத்தை மட்டும் முதலில் ஒதுக்கிக்கொள்ளும். தொடக்க அளவு 8 எம்பி. பத்து லட்சம் கலப்பெண்களை 38 இலக்கத்தோடு வைத்துக்கொள்ள 90 எம்பிக்கு மேல் வேண்டும். ஆகவே நடுவில் நின்றுவிடும். நிரலில் தப்பு என்று நினைத்து நான் இரண்டு நாள் தேடினேன். கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. உச்ச அளவை ஒரு ஜிபி என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் அப்புறம் தொல்லை இல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

இன்னொரு உபாயம்: படம் இடம்-வலமாகவும் மேல்-கீழாகவும் ஒரே மாதிரி இருக்கும். மாறியின் குறியை மாற்றினால் ஒற்றைப்படை அடுக்குகளின் கெழுக்களுக்குக் குறி மட்டும் புரளும், பல்லுறுப்புக்கோவை அதே கூட்டத்துக்குள்தான் இருக்கும். ஆகவே வலது மேல் கால்பகுதிப் புள்ளிகளை மட்டும் சேமித்தால் போதும்.

படம் போடுவதில் பாரி பலசாலி இல்லை. கோடும் புள்ளியும் போடும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வண்ணம் தீட்டிய படம் வேண்டுமானால் ஆயிரத்துக்கு ஆயிரம் கட்டத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மூலம் விழுகிறது என்று பாரியிலேயே எண்ணி, அந்த அட்டவணையைக் கோப்பாக எழுதி, வேறு மென்பொருளில் படமாக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன். வளைவரை போட்டு இழுத்து நகர்த்தி விளையாட ஜியோஜிப்ராதான் சரி, பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுப்பேன்.

பாரி எங்கே ஜொலிக்கும் என்றால், கேள்வி கேட்கும் இடத்தில். மூன்று கேள்விகள் சொல்கிறேன்.

முதலாவது கணிதவியலாளர் லேமர் 1933-இல் விட்டுச்சென்றது. ஒரு பல்லுறுப்புக்கோவையின் கெழுக்கள் எல்லாம் முழு எண்கள், முதல் கெழு 1 என்று இருக்கட்டும். ஓரலகு வட்டத்துக்கு வெளியே இருக்கும் மூலங்களின் அளவுகளை, அதாவது பூச்சியத்திலிருந்து அவை இருக்கும் தூரங்களை, பெருக்குங்கள். வெளியே எதுவுமே இல்லை என்றால் பெருக்கல் 1. ஒன்றைவிடப் பெரியதாக, ஆனால் முடிந்தவரை ஒன்றுக்கு நெருக்கமாக எவ்வளவு வர முடியும்? லேமர் கண்டுபிடித்ததன் கெழுப் பட்டியல் 1, 1, 0, −1, −1, −1, −1, −1, 0, 1, 1. இதைப் பாரியில் போட்டுப் பாருங்கள். எட்டு மூலங்களின் அளவு பிசகாமல் 1. மீதி இரண்டும் மெய்யெண்கள், 1.17628, 0.85013. 1.17628-ஐவிடச் சிறியதை 90 வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை, இல்லை என்றும் நிறுவவில்லை. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கிற, −1, 0, 1 மட்டுமே கெழுவாக உள்ள பத்தாம் படிக் கோவைகள், முதல் கெழு 1 என்று வைத்தால், 243தான். ஒரு ராத்திரி அத்தனையையும் ஓடவிட்டேன். ஒரு சின்ன எச்சரிக்கை: மூலங்கள் எல்லாம் வட்டத்தின் மேலேயே இருந்தாலும் 38-ஆம் இலக்கத்தில் துளி பிழை வரும், பெருக்கல் ஒன்றைவிட மயிரிழை பெரிதாகத் தெரியும். அதனால் 1.0001-க்கு மேல் உள்ளதை மட்டும் பார் என்று சொல்ல வேண்டும். மிகச் சிறியதாக 1.17628 இரண்டு முறை வந்தது. ஒன்று லேமருடையது, மற்றது அதில் மாறியின் குறியை மாற்றியது. அடுத்தது 1.21639. லேமர் கணினி இல்லாத காலத்தில் பிடித்த எண்ணை என் சமையலறை மேசையில் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

இரண்டாவது, காரணிப்படுத்த முடியாத கோவைகள். கெழுக்கள் 0, 1 மட்டும், முதலும் கடைசியும் 1. இரண்டாம் படியில் இரண்டுமே உடையாதவை. மூன்றாம் படியில் நாலில் இரண்டு. நாலாம் படியில் எட்டில் ஆறு. படி பெரிதாகப் பெரிதாகக் கிட்டத்தட்ட எல்லாமே உடையாது என்பது ஓட்லிஸ்கோ, பூனன் இருவரின் ஊகம். இன்னும் நிறுவப்படாத புகழ்பெற்ற ஊகமான ரீமான் கருதுகோளின் ஒரு பொதுவடிவத்தை ஏற்றுக்கொண்டால் அது சரி என்று ப்ரூயார், வர்யூ இருவரும் 2019-இல் நிறுவிவிட்டார்கள். பாரியில் இதற்கென்றே ஒரு கட்டளை, விடை 1 அல்லது 0. ஐம்பதாம் படியில் நாமே மனம்போன போக்கில் ஒன்றைத் தட்டிப் பார்த்து ‘உடையாது’ என்று விடை வருகிற சுகம் தனி.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஓரலகு வட்டத்தைச் சுற்றி வரும்போது ஒரு லிட்டில்வுட் கோவையின் மதிப்பு எவ்வளவு ஏறி இறங்கும்? சராசரி வர்க்கம் எப்போதும் உறுப்புகளின் எண்ணிக்கைதான். ஆனால் இடையில் எகிறும், விழும். எகிறாமல் பார்த்துக்கொள்ள கோலே, ஷாப்பிரோ, ருடின் மூவர் பெயரால் வழங்கும் எளிய வழி இருக்கிறது. இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதோடு இரண்டாவதை ஒட்டினால் புது முதலாவது. முதலாவதோடு இரண்டாவதைக் குறி மாற்றி ஒட்டினால் புது இரண்டாவது. இரண்டிலும் ஒரே ஒரு 1 வைத்துத் தொடங்கினால் முதலாவது மூன்று சுற்றில் 1, 1, 1, −1, 1, 1, −1, 1. உறுப்புகள் எட்டு. வட்டத்தில் எங்கே போனாலும் மதிப்பு 16-இன் வர்க்கமூலம், அதாவது 4-ஐத் தாண்டாது. 1 என்ற புள்ளியில் சரியாக 4. மேலே எகிறாமல் தடுத்தாயிற்று, கீழே விழாமலும் தடுக்க முடியுமா என்பதுதான் லிட்டில்வுட் கேட்டது. முடியும் என்று பாலிஸ்டர், பொல்லோபாஷ், மாரிஸ், சகஸ்ரபுதே, டிபா என்ற ஐவர் 2020-இல் வெளியிட்டார்கள். என் அப்பா பிறந்த காலத்துக் கேள்விக்கு என் காலத்தில் விடை வந்திருக்கிறது.

அடுக்குத் தொடர்களையும் பாரி அழகாகக் கையாளும். எந்த அடுக்கோடு நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். ஒன்று கழித்தல் மாறி, ஒன்று கழித்தல் மாறியின் இரண்டாம் அடுக்கு, நாலாம் அடுக்கு, எட்டாம் அடுக்கு என்று பெருக்கிக்கொண்டே போனால் கெழுக்கள் 1, −1, −1, 1, −1, 1, 1, −1, −1, 1, 1, −1, 1, −1, −1, 1 என்று வரும். தூ-மோர்ஸ் வரிசை. பூச்சியமே வராது, இரண்டும் வராது. கெழுக்களாக விரல்விட்டு எண்ணக்கூடிய சில எண்களே வரும் தொடர், ஒன்று சாதாரண விகிதமுறு சார்பாக (ஒரு பல்லுறுப்புக்கோவையை இன்னொன்றால் வகுத்ததாக) இருக்கும், இல்லையென்றால் ஓரலகு வட்டத்தைத் தாண்டி எந்த இடத்திலும் நீளாது என்று சேகோ 1922-இல் நிறுவினார். இது இரண்டாவது ரகம்.

இதெல்லாம் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு நான் பார்க்கர் வரிசையைக் காட்டுவேன். 1, 1, 1, 1, 1, −1, −1, 1, 1, −1, 1, −1, 1 என்ற 13 உறுப்பை அதன் தலைகீழ்ப் பட்டியலோடு பெருக்கச் சொல்லுங்கள். 1, 0, 1, 0 என்று தாழ்ந்தே வந்து நடுவில் திடீரென்று 13, பிறகு மறுபடி 0, 1. எதிரொலியில் எது நம்முடையது என்று ரேடாருக்குத் தெரிவது இந்த ஒற்றை உச்சத்தால்தான். தொடக்ககால வைஃபை பயன்படுத்தியது 11 நீள வரிசையை. 13-ஐவிட நீளமான ஒற்றைப்படை நீளத்தில் இப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று டியூரினும் ஸ்டோரரும் 1961-இல் முடித்துவிட்டார்கள்.

வாங்கலாமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாத பொருள். உபுண்டுவில் ஒரே கட்டளையில் நிறுவலாம், விண்டோஸுக்கும் இருக்கிறது, ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஓடும். எதையும் நிறுவ முடியாத இடத்தில் பாரி தளத்துக்குப் போய் உலாவியிலேயே தட்டிப் பார்க்கலாம், எங்கள் பள்ளி ஆய்வகத்தில் அப்படித்தான். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இரண்டு கேள்விக்குறியோடு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் கையேட்டின் பக்கம் வந்துவிடும், அந்தக் கையேடு தங்கம். செய்ததை எல்லாம் கோப்பில் பதியச் சொல்லிவிட்டு உட்காருங்கள். எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

போன மாதம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்தாம் படிப் படத்தைக் காட்டினேன். ஒரு பெண் கையைத் தூக்கி, “மிஸ், ஒன்னுக்குப் பக்கத்துல மட்டும் ஏன் ஓட்டையா இருக்கு? ஒன்னுலகூட புள்ளி இல்லையே” என்றாள். பதினோரு உறுப்பு, ஒவ்வொன்றும் 1 அல்லது −1, கூட்டினால் பூச்சியம் வருமா என்று நீயே பாரும்மா என்றேன். ஒற்றைப்படை, வராது என்று உடனே சொல்லிவிட்டாள். அப்படியே நிற்கவில்லை. “அப்போ பதினொன்னாம் படியில வரும்ல மிஸ்?” உலாவியில் அவளையே தட்டவிட்டேன். 2048 கோவைகளில் 1 எத்தனைக்கு மூலம் என்று எண்ணச் சொன்னாள். 462 என்று வந்தது. அவள் நோட்டைத் திருப்பி, முதல் குறி கூட்டல், மீதி பதினொன்றில் ஐந்து கூட்டல் என்று எழுதி, பதினொன்றிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்கும் வழிகளைப் பெருக்கி வகுத்துக்கொண்டே வந்தாள். பெஞ்சே எட்டிப் பார்த்தது. 462.